இடி விழுந்த மேஜரும் ஐந்தாம் பெண்ணும்

பதுளைக்குப் போகிறவர்கள் முத்தியங்கனை விகாரையைப் பார்ப்பார்கள். துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு நடப்பார்கள். நகரத்தின் நடுவே நிற்கும் சிறிய புனித மாற்கு தேவாலயத்துக்குள் நுழைகிறவர்கள் குறைவு. நுழைந்தால் சுவரில் ஒரு நினைவுக் கல் இருக்கும். இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக அவருடைய நண்பர்கள் எழுப்பிய ஆலயம் இது என்று அது சொல்லும். பதினொரு ஆண்டுகள் அவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். 1845 ஜூன் 7 ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். வயது நாற்பத்தொன்று. தேவாலயம் 1857 இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

கல் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இந்த மேஜர் தம் கையால் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ட் தமது பெருநூலில் இந்தத் தொகையைத் தருகிறார். கப்டன் கால்வே என்பவர் இதில் பாதிக்கு மேல் சுட்டார், பாதைகள் போட்ட மேஜர் ஸ்கின்னரும் ஏறக்குறைய அவ்வளவே என்றும் அவர் எழுதுகிறார். பதுளையில் இருந்த பதினொரு ஆண்டுகளுக்குள்தான் ரோஜர்ஸ் இவ்வளவும் செய்தார் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டு யானைக்கு மேல் வருகிறது. வழக்குக் கேட்கவும் பாதை வெட்டவும் அவருக்கு எப்போது நேரம் கிடைத்ததோ! ஆனாலும் ஊவாவில் பாதைகள் வெட்டியவர் என்ற நல்ல பெயரும் அவருக்கு உண்டு. அக்காலத்தில் யானை வேட்டை பாவமாகக் கருதப்படவில்லை, துரைமார் மத்தியிலாவது. வயலை அழிக்கும் பிராணி என்று அரசாங்கமே பரிசு கொடுத்துக் கொல்லச் சொன்ன காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குப் பரிசு வழங்கப்பட்டதாக அதே டெனன்ட் சொல்கிறார்.

ஹப்புத்தளை வாடி வீட்டில் அன்று கடும் மழையும் மின்னலும். இடி முழக்கம் ஓய்ந்ததுபோல் தோன்றவே மேஜர் விறாந்தைக்கு வந்து வெளியே பார்த்து, இனிப் பயமில்லை, எல்லாம் முடிந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னாராம். அந்தச் சொல் வாயில் இருக்கும்போதே அடுத்த மின்னல் அவரை வீழ்த்திற்று என்பது வழிவழியாக வந்த கதை. உடலை நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். இன்று கோல்ப் மைதானத்தின் ஓரத்தில் அந்தப் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கல்லறையின் மேல் கல் வெடித்திருக்கிறது. அதற்கும் இடிதான் காரணம், ஒரு தடவையல்ல, பல தடவை விழுந்தது என்று மலைநாட்டில் சொல்வார்கள். யானையைக் கொன்ற பாவம் புதைகுழிக்குள்ளும் விடவில்லை என்பது சிங்களக் கிராமத்தவருக்கும் தோட்டத் தமிழருக்கும் பொதுவான தீர்ப்பு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்துத் திண்ணையில் இந்தக் கதையைச் சொன்ன கிழவர், மழை இரவு பார்த்துத்தான் சொல்லத் தொடங்குவார்.

இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. ஒரே காரியம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடந்தால் மனித மனம் சும்மா இருப்பதில்லை. யானைக்கு முன்னால் ஆயிரத்து நானூறு தடவை பிழைத்தவன் என்றால் ஏதோ காப்பு இருந்தது என்கிறோம். ஒரே கல்லில் மூன்று தடவை இடி விழுந்தது என்றால் ஏதோ சாபம் என்கிறோம். ஒரு வீட்டில் ஐந்து பெண் அடுத்தடுத்துப் பிறந்தால் அந்தத் தாய்க்கு ராசியில்லை என்கிறோம். இந்தத் தொடர்ச்சிக்குப் பின்னால் உண்மையிலேயே ஏதும் இருக்கிறதா என்று கேட்பதற்கு உலகம் கண்டுபிடித்த மிக மலிவான கருவி ஒரு காசு.

தலையா, பூவா என்று சுண்டிப் பார்ப்பது நமக்குப் பழகிய விளையாட்டு. நம் நாட்டில் 1963 இல் வந்த புதிய நாணயங்களோடு, அன்றாடம் புழங்கும் காசுகளிலிருந்து அரசியின் தலை போய்விட்டது. ஆனால் ‘தலை’ என்ற சொல் போகவில்லை. ஒரு ரூபாக் குத்தியை இருபது தடவை சுண்டி, தலை விழுந்தால் ‘த’ என்றும் பூ விழுந்தால் ‘பூ’ என்றும் ஒரு கடதாசியில் எழுதுங்கள். பிறகு இன்னொருவரிடம், காசே இல்லாமல், சுண்டியதுபோல் கற்பனை செய்து இருபது எழுத்து எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்தால் எது பொய் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கற்பனையில் எழுதுகிறவர் மூன்று தலை தொடர்ந்து எழுதியதும் கை கூசி ஒரு பூவைப் போட்டுவிடுவார். காசுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. இருபது தடவை சுண்டினால் எங்காவது ஒரு முகம் நாலு தடவையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுவதற்கு நூற்றுக்கு எழுபத்தேழு வாய்ப்பு. ஐந்து தடவை தொடர்வதற்கே நூற்றுக்கு நாற்பத்தாறு. நூறு தடவை சுண்டினால் ஆறு ஒரே முகம் வரிசையாக வருவது நூற்றுக்கு எண்பது. ஒன்று மாறி ஒன்று ஒழுங்காக வருவதையே நாம் தற்செயல் என்று நினைக்கிறோம். உண்மையான தற்செயலோ திட்டுத் திட்டாக வருகிறது, கொழுந்து மலையில் மூடுபனி இறங்குவதைப்போல.

இதைக் கையால் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜேர்மானியர் பிடித்திருந்த டென்மார்க்கில் தடுத்துவைக்கப்பட்டிருந்த ஜோன் கெரிச் என்ற தென்னாபிரிக்கக் கணித ஆசிரியர், முகாமில் பொழுது போகாமல் ஒரு நாணயத்தைப் பத்தாயிரம் தடவை சுண்டி ஒவ்வொன்றையும் எழுதிவைத்தார். தலை விழுந்தது 5,067 தடவை. சிறையிலிருந்து கவிதை எழுதியவர்களை நமக்குத் தெரியும். காசு சுண்டி நூல் எழுதியவர் இவர்தான் போலும். அண்மையில், 2023 இல், ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று 350,757 தடவை சுண்டி, சுண்டும்போது மேலே இருந்த முகமே மீண்டும் மேலே விழுவது நூற்றுக்கு 50.8 என்று கண்டது. அவ்வளவு மெல்லிய சாய்வு. மற்றப்படி காசுக்கு ஞாபகம் இல்லை. முன்னம் விழுந்ததை அது கணக்கில் வைப்பதில்லை.

காசு மறந்ததை மனிதன் மறப்பதில்லை. 1913 ஓகஸ்ட் 18 ஆம் திகதி மொண்டே கார்லோ சூதாட்ட மண்டபத்தில் சுழலும் சக்கரத்தில் கறுப்பு அடுத்தடுத்து இருபத்தாறு தடவை விழுந்தது. பத்தாவது பதினைந்தாவது கறுப்புக்குப் பிறகு, இனிச் சிவப்பு வந்தே தீரவேண்டும் என்று பணக்காரர்கள் சிவப்பில் கொட்டித் தோற்றார்கள். விறாந்தைக்கு வந்து இனிப் பயமில்லை என்று சொன்ன மேஜரும் ஒருவகையில் இதே கணக்கைத்தான் போட்டார்.

நம் இலக்கியத்திலும் இந்த விஷயம் இருக்கிறது. நளன் புட்கரனோடு சூதாடி ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் இழந்தான். அந்தத் தோல்வித் தொடருக்குக் கதை சொல்லும் காரணம் கலி பிடித்தது என்பது. புகழேந்தியின் வெண்பாவிலும் அதிவீரராமரின் நைடதத்திலும் நாம் படித்தது அதைத்தான். ஆனால் அதே கதையின் பிற்பகுதியில், மூலபாரதத்தில், வேறொரு குரல் கேட்கிறது. தேரில் போகும்போது இருதுபன்ன மன்னன் வழியில் நின்ற தான்றி மரத்தைப் பார்த்து, கிளைகளில் எத்தனை இலை, எத்தனை காய் என்று எண்ணாமலே சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. எண்ணும் கலையும் சூதின் நுட்பமும் சேர்ந்தே தெரிந்தவன் நான் என்கிறான் மன்னன். அந்தக் கலையைக் கற்றுக்கொண்டதும் கலி நளனை விட்டு நீங்குகிறது. பண்டைக்காலத்தில் சூதாடு காயாகப் பயன்பட்டது தான்றிக் காயே என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை கட்டியவன் எவ்வளவு அறிந்து கட்டினான் என்பது விளங்கும். நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயன் ஹாக்கிங் என்ற கனடிய அறிஞரும் இந்தக் கட்டத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார். நம்மவர்களோ பெரும்பாலும் கலியோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி அந்த ஐந்து பெண்கள்.

ஹப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் என் சித்தி வாழ்க்கைப்பட்டிருந்தார். சித்தப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, சித்தி கொழுந்துக்காரி. வரிசையாக ஐந்து பெண். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அஞ்சாம் பெண் கெஞ்சினாலும் கிடைக்காது என்று அதை மறுக்கும் பழமொழியும் உண்டு. மாமியாருக்கு முதலாவது மாத்திரமே ஞாபகம் வரும். “இந்த வகுத்துல பொட்டதான் தங்கும்” என்பார், மருமகள் காதில் விழும்படி. சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்ற பேச்சும் லயத்தில் எழுந்தது. பிறகு ஒரு சாத்திரக்காரர் வந்தார். அவர் கணக்கு நேர் எதிர்: ஐந்து போய்விட்டது, ஆறாவது கட்டாயம் ஆம்பிளைப் பிள்ளை. சித்தி அதை நம்பினார். ஆறாவதும் பெண்.

மாமியாரும் சாத்திரக்காரரும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒருவர் தொடர்ச்சி தொடரும் என்றார். மற்றவர் தொடர்ச்சி முறிந்தே ஆகவேண்டும் என்றார். பிரான்சிய அறிஞர் லாப்பிளாஸ் 1814 இல் எழுதிய நிகழ்தகவுக் கட்டுரையில் தம் ஊர் மனிதர்களைப் பற்றி இதையே சொல்கிறார். ஆண்பிள்ளைக்கு ஏங்கும் தகப்பன்மார், அந்த மாதம் அயலில் ஆண்கள் அதிகம் பிறந்தார்கள் என்று கேட்டால் கலங்கிப்போவார்களாம். ஆண்களின் பங்கு தீர்ந்துவிட்டது, இனித் தமக்குப் பெண்தான் மிஞ்சும் என்று. பாரிசிலும் லயத்திலும் மனிதன் ஒருவனே.

ஒரு பெரிய தோட்டத்தில் ஐந்து பிள்ளை பெற்ற குடும்பங்கள் 320 இருந்தால், அவற்றில் ஒன்பது பத்துக் குடும்பத்தில் ஐந்தும் பெண்ணாகவே இருக்கும். அது யாருடைய ராசியும் அல்ல. ஆண் பிறப்புச் சற்றே அதிகம் என்பதால் பத்து என்பது ஒன்பதாகக் குறையலாம், அவ்வளவுதான். அந்தச் சிறு அதிகத்தையும் ஒரு தொடர்ச்சிதான் முதலில் காட்டிக்கொடுத்தது. லண்டனில் 1629 தொடக்கம் 1710 வரை எண்பத்திரண்டு ஆண்டுகள், ஓராண்டுகூடத் தவறாமல், ஞானஸ்நானம் பெற்ற ஆண் குழந்தைகளே அதிகம் என்பதை ஜோன் ஆர்பத்னொட் என்ற வைத்தியர் கண்டார். எண்பத்திரண்டு தடவை தொடர்ந்து தலை விழுவது தற்செயலாக முடியாது, இது கடவுளின் ஏற்பாடு என்று எழுதினார். கடவுள் பற்றிய முடிவு அவருடையது. தற்செயல் அல்ல என்ற முடிவு சரியானது. ஆக, தொடர்ச்சி எல்லாமே ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. எவ்வளவு நீளம், எத்தனை சுண்டலில் வந்தது என்று பார்க்கவேண்டும். இன்னொன்று: பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்தே வருகிறது என்பதற்கு நெற்றி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் 1905 இலேயே வழிகாட்டிவிட்டார். காசைச் சுண்டியது சித்தப்பா. பேச்சு வாங்கியது சித்தி.

மேஜரின் ஆயிரத்து நானூறையும் இப்படியே எண்ணிப் பார்க்கலாம். ஒரு யானையை எதிர்கொள்ளும்போது சாவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், 1,400 தடவை பிழைப்பது பதின்மூன்று இலட்சத்தில் ஒருவருக்குத்தான் கிட்டும். காப்பு, மந்திரம், எதையும் நம்பலாம். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்தாலோ, நால்வரில் ஒருவர் பிழைத்துவிடுவார். நல்ல துப்பாக்கியும் பழகிய கையும் துணையாட்களும் உள்ளவனுக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். மூன்றாவது யானையிலோ பத்தாவது யானையிலோ மிதிபட்டுப் போனவனைப் பற்றிக் கதை கட்ட யாரும் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. பிழைத்தவனைத்தான் நாம் பார்க்கிறோம்.

கல்லறையில் திரும்பத் திரும்ப விழுந்ததாகச் சொல்லப்படும் இடியைப் பற்றி ஒன்று. காசைப்போல் எல்லா இடத்தையும் சமமாக நடத்தும் குணம் மின்னலுக்கு இல்லை. உயர்ந்த மேட்டையும் தனித்த மரத்தையும் அது நாடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல். ஒரு தடவை விழுந்த இடத்தில் மறுபடி விழுவதற்கு, முதல் தடவை விழச் செய்த அதே காரணம் அங்கேயே நிற்கிறது. இங்கே சுண்டல்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை அல்ல. பெண் பிறப்பில் இல்லாத தொடர்பைக் கண்ட அதே மனம், இங்கே இருக்கிற தொடர்பை விட்டுவிட்டு யானைப் பாவத்தைத் தேடுகிறது.

இந்த இரண்டாவது வகைத் தொடர்பு நம் மக்களின் சரித்திரத்தில் எங்கே வருகிறது என்று யோசித்தபோது எனக்கு வடபாதை ஞாபகம் வந்தது. மேஜர் யானை சுட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ் நாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியுமான பாதையில் ஏறக்குறைய 150 மைல் நடந்து மாத்தளைக்கு. ஊவாவுக்கு வரவேண்டியவர்கள் அங்கிருந்தும் மலை ஏறவேண்டும்; பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924 இல்தான். 1849 இல் ‘கொழும்பு ஒப்சேர்வர்’ பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது. 1841 தொடக்கம் 1848 வரை வந்தவர்கள் 272,000. திரும்பிப் போனவர்கள் 133,000. நாட்டில் இருக்கக்கூடியவர்கள் 50,000. மிச்சம்? எழுபதினாயிரம் பேராவது இறந்திருக்கவேண்டும், அதாவது நூற்றுக்கு இருபத்தைந்து என்று அப்பத்திரிகை மதிப்பிட்டது. இது மிகை என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. வந்தவர்களையும் போனவர்களையும் துறைமுகத்தில் எண்ணியவர்கள் சரியாக எண்ணினார்களா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் யானை ஒவ்வொன்றையும் எண்ணிய காலத்தில் ஆட்களைக் கழித்துத்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது.

நூற்றுக்கு இருபத்தைந்து என்றால் என்ன? இரண்டு காசைச் சுண்டி இரண்டும் பூவாக விழுவது. புறப்படும் ஒவ்வொருவரும் கிராமத்து வாசலில் இரண்டு காசைச் சுண்டிவிட்டு நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தாய், தகப்பன், இரண்டு பிள்ளை. நால்வரும் பிழைப்பதற்கு 256 இல் 81 பங்கு, மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. நால்வரும் சாவதற்கு 256 இல் ஒன்று. காகிதக் கணக்கு இப்படிச் சொல்கிறது. பாதையில் நடந்தது இதுவல்ல. வாந்திபேதி காசு சுண்டுவதில்லை. ஒரு கிணற்றில் குடித்தவர்கள், ஒரு மடத்தில் ஒதுங்கியவர்கள், ஒருவரை ஒருவர் தாங்கி நடந்தவர்கள் சேர்ந்தே விழுந்தார்கள். ஒரு கங்காணியின் கூட்டம் குறையாமல் மலை ஏறியிருக்கும். அடுத்ததில் பாதி காட்டில் கிடந்திருக்கும். குறையாமல் வந்த கங்காணியை ராசிக்காரன் என்றிருப்பார்கள். சராசரி இருபத்தைந்து என்ற எண் அந்தக் குடும்பங்களில் எதற்கும் நேரவில்லை. சிலவற்றுக்கு ஒன்றுமே நேரவில்லை, சிலவற்றுக்கு எல்லாமே நேர்ந்தது.

1869 இல் மடுல்சீமையில் கோப்பி இலையில் மஞ்சள் நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு, ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு என்று அதுவும் தொடராகவே போயிற்று. பல ஆண்டு தொடர்ந்து நல்ல விளைச்சல் கண்ட துரைமார், ஒரு கெட்ட போகத்துக்குப் பிறகு நல்லது வந்தே தீரும் என்று கடன் வாங்கிக் கோப்பியையே மறுபடி நட்டார்கள். மொண்டே கார்லோவுக்கு நாற்பது ஆண்டுக்கு முன்னமே நம் மலையில் ஆடிய ஆட்டம் அது. கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. ஆட்கள் அதே பாதையில் வந்துகொண்டிருந்தார்கள்.

வந்த ஒவ்வொருவரின் பெயரிலும் கங்காணியின் ஏட்டில் முன்பணக் கடன் இருந்தது. தோணிக் கூலி, அரிசி, கம்பளி. வழியில் ஒருவர் இறந்தால் அந்தக் கடன் அழிவதில்லை. அது மிஞ்சிய உறவினர் தலையில் ஏற்றப்பட்டதுண்டு. தகப்பனும் அண்ணனும் பாதையில் போக, ஹப்புத்தளைக் கணவாய் ஏறி வந்த பையன், மூன்று பேருடைய கடனோடு முதல் நாள் பெரட்டுக்கு நின்றிருப்பான்.